பழைய மோட்டாரும் பர்மனெண்ட் சம்மந்தியும்

என்னை பெங்களூருக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று என் மகன் முடிவு செய்ததை முதலில் என்னிடம் சொல்லவில்லை. காடாம்புலியூர் முந்திரி வியாபாரி ஒருவரிடம் சொன்னான். ஆவணி பிறந்ததும் என் ஷெட்டில் முந்திரி மூட்டை அடுக்கிக்கொள்ளலாம் என்று அவரிடம் பேசி முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் போட்டான்.

"வயசாயிடுச்சுப்பா. போதும்."

எனக்கு வயதாகிவிட்டது என்பதை எனக்கே போனில் தெரிவிக்கும் அளவுக்கு அவனைப் படிக்க வைத்தவன் நான்தான். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, அதனால் நாலரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்ருட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் எரிந்த கம்பியைப் பிரித்துப் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் கான்ட்ராக்ட் ஆள். அப்புறம் நானே சின்னதாக ஒரு கான்ட்ராக்ட். அப்புறம் நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே சொந்த ஷெட்டு. ஒருவரும் எனக்கு சிபாரிசு செய்யவில்லை. செய்யலாம் என்று வந்தவர்களும் என் வாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். இன்றைக்கு இந்த வட்டாரத்தில் கரும்பு ஏற்றிக்கொண்டு நெல்லிக்குப்பம் போகும் டிரெய்லர்களில் முக்கால்வாசி நான் கடைந்து கொடுத்த இரும்புப் பின்னில்தான் தொங்குகின்றன. மற்றவை எந்தத் திருப்பத்தில் கழன்று விழும் என்று சொல்ல முடியாது.

இப்படிப்பட்டவனைப் பதினோராவது மாடியில் உட்கார வைக்கப் பார்த்தான். அந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். லிஃப்டில் ஏறினால் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யார் வீட்டுக்கு வந்தாய் என்று ஒருத்தன் கேட்பதில்லை. பால்கனியில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் கீழே நீச்சல் குளம். அதில் யாரும் நீந்துவதில்லை, ஒரு ஆள் மட்டும் வலை வைத்து இலை பொறுக்குகிறான். அவனிடம்தான் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி வந்து, வேலை நேரத்தில் பேசக் கூடாது என்று அவனைத் திட்டினான். என் வீட்டுக்காரி எப்போதோ கட்சி மாறிப் பேரனோடு அங்கேயே குடியேறிவிட்டாள். "இங்க தண்ணி நல்லா இருக்குங்க" என்கிறாள். நெய்வேலித் தண்ணீரில் வளர்ந்த வாய் அப்படிப் பேசுகிறது.

அந்தச் சமயத்தில் நான் இரும்பு கடைகிற லேத்து ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தேன். ஓசூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு சின்னக் கம்பெனியில் கிடந்த பழைய சி.என்.சி. லேத்து. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது. சாதா லேத்தில் ஆள் நின்று கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சி.என்.சி.யில் கம்ப்யூட்டர் கணக்குச் சொல்லும், சர்வோ மோட்டார் சுற்றும். உளியை நெடுக்கே கொண்டுபோக ஒரு மோட்டார், குறுக்கே கொண்டுபோக ஒரு மோட்டார். என் லேத்தில் கம்ப்யூட்டர் செத்துப்போயிருந்தது. மெஷினை இறக்கும்போதே எதிர் டீக்கடையில் நின்ற ஒருத்தன், "என்னாங்க, பேரீச்சம்பழத்துக்குப் போட எடுத்தாந்தீங்களா?" என்றான். அவன் டிராக்டருக்கு அதற்குப் பிறகு நான் ஒரு நட்டுகூடப் போட்டுக் கொடுக்கவில்லை.

பழைய மெஷினுக்குப் புது மூளை வைப்பதற்கு ரெட்ரோஃபிட் என்று பெயர். அந்த வேலைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பியை வரவழைத்தேன். நல்ல வேலைக்காரன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவனைப் பற்றி வேறு மாதிரி பேச நேரலாம். வந்தவன் மெஷினைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர், மோட்டாருக்குக் கரண்ட் அளந்து விடும் டிரைவ், வயர், இதோடு சர்வோ மோட்டார் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டிவிடலாம் என்றான்.

"மோட்டார எதுக்குத் தம்பி தூக்கிப் போடணும்?"

"இது பிரஷ் வெச்ச டி.சி. மோட்டாருங்கய்யா. இப்பெல்லாம் இதெ யாரும் வெச்சுக்கறதில்லைங்க."

"என்னயும்தான் இப்ப யாரும் வெச்சிக்கறதில்ல. நான் ஓடிகினு இல்ல?"

அவன் சிரிக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் வேலை நேரத்தில் சிரிப்பதில்லை.

நான் இரண்டு மோட்டாரையும் கழற்றி மேசைமேல் வைத்தேன். ஒரு மோட்டாரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இப்போது வருகிற மோட்டார்களைப் பார்த்திருக்கிறேன், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறலாம். உள்ளே சேர்ந்திருந்த கரித்தூளை ஊதி, பிரஷ் உரசுகிற கம்யூட்டேட்டரைத் துணியால் துடைத்து, தேய்ந்த கரி பிரஷ்ஷை மாற்றி, டிராக்டர் பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்துத் தொட்டேன். சுற்றியது பாருங்கள், சத்தமே இல்லாமல். தம்பி குனிந்து காதை வைத்துக் கேட்டான். குறுக்கு மோட்டாருக்குள்ளே ஒரு பிரேக் இருந்தது. அதையும் நானே பிரித்து, துடைத்து, மாட்டினேன். அந்த பிரேக் எதற்கு என்றால், இந்த லேத்து சாய்வாக உட்கார்ந்திருக்கும் வகை. கரண்ட் போனால் உளிக்கட்டை தன் எடைக்குத் தானே சறுக்கிக் கீழே வந்துவிடும். கரண்ட் இல்லாதபோது பிரேக் பிடித்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் டக்கென்று ஒரு சத்தம் போட்டு விட்டுவிடும்.

தம்பி கடைசியில் இறங்கி வந்தான். "சரிங்கய்யா, மோட்டார் பழசே இருக்கட்டும். பின்னாடி என்கோடர் மட்டும் புதுசு போட்டுக்கறேன், எவ்வளவு சுத்துச்சுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியோணும்ல. ஆனா நாளைக்கு மோட்டார் போச்சுன்னா என்னெயக் கேக்கக் கூடாதுங்க."

"மோட்டார் போச்சுன்னா நான் பெங்களூருக்கே போயிடறேன், போ" என்றேன். வாய்க்கொழுப்பு. இதை அவன் என் மகனிடம் போனில் சொல்லிவிட்டான். மகன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"சரிப்பா. ஆடி முடியறதுக்குள்ள அந்த மெஷின் பழைய மோட்டாரோட ஓடுச்சுன்னா ஷெட்டு உன்னோடது. இனிமே வாயே தொறக்க மாட்டேன். ஓடலன்னா ஷெட்டு முந்திரிக்கு, நீ எங்கூட. ஓடுச்சா இல்லையான்னு நீ சொல்லக் கூடாது, மாமா பாத்துச் சொல்லட்டும்."

மாமா என்றால் என் சம்மந்தி. மருமகளின் அப்பா. நெய்வேலி நிலக்கரி டவுன்ஷிப்பில் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். பெண்ணைக் கொடுத்தவர் கொஞ்சம் தாழ்ந்து பேசுவதும், பிள்ளையைப் பெற்றவன் கொஞ்சம் முறுக்கிக்கொள்வதும் ஊர் வழக்கம். எங்கள் விஷயத்தில் அது தலைகீழ். ஏனென்றால் அவர் பர்மனெண்ட், நான் கான்ட்ராக்ட். பெண் பார்க்கப் போன அன்றைக்கே, காபி டம்ளர் கைக்கு வருவதற்கு முன்னால், "நீங்க எந்த யூனிட்ல இருந்தீங்க?" என்று கேட்டவர். ஷெட்டு வைத்திருக்கிறேன் என்றதும், "அது சரி, வேலை?" என்றார். நெய்வேலியில் பர்மனெண்ட் என்பது வேலை இல்லை, ஒரு பிறவி.

ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கேட்டுக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டினார். கட்டிய வீடு எப்படி இருந்தது? காலி செய்த குவார்ட்டர்ஸ் மாதிரியே இருந்தது. அதே இடத்தில் ஜன்னல், அதே சுவர் ஓரத்தில் கொய்யா, அதே மாதிரி உள்ளே நுழைந்தால் முதுகில் இடிக்கும் பாத்ரூம் கதவு. மேஸ்திரி கதவைத் திருப்பி மாட்டித் தருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார், இவர் விடவில்லை. இன்றைக்கும் விடிவதற்கு முன் குளித்து, தலை சீவி, பையில் பேனா சொருகிக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஷிப்ட் பஸ்தான் வருவதில்லை.

ஷெட்டுக்கு வந்தவர் தன் தீர்ப்பின் விதியை முதலிலேயே சொன்னார். "ஒரு ஷிப்ட், சம்மந்தி. ஃபுல்லா ஒரு ஷிப்ட் ட்ரிப் ஆகாம ஓடணும். நடுவுல நின்னுச்சுன்னா மறுபடி ஜீரோலேருந்து."

"எட்டு மணி நேரமா? என் ஷெட்டுல யாருங்க ஷிப்ட் பாத்தா?"

"அதனாலதான் சம்மந்தி உங்க ஷெட்டு இன்னும் ஷெட்டாவே இருக்கு."

வீட்டுக்காரியும் தன் பங்குக்கு போனில் வந்தாள். "ஆடியில போயி எவனாவது புது மெஷின ஓட்டுவானா?" என்றாள். மெஷின்தான் பழசாயிற்றே, மோட்டார் அதைவிடப் பழசு, ஆடிக்கு அதன்மேல் என்ன கோபம் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

கோயம்புத்தூர்த் தம்பி ஷெட்டிலேயே பாய் போட்டுப் படுத்து வேலை பார்த்தான். சம்மந்தி தினமும் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். சும்மா பார்த்தால் பரவாயில்லை. அவர் இருந்த டிபார்ட்மெண்டில் லைன் கிளியர் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு வயரைத் தொட வேண்டுமென்றால், யார் ஆஃப் செய்தது, யார் வேலை செய்கிறது, வேலை முடிந்து யார் திருப்பிக் கொடுத்தது என்று எல்லாம் பேசி எழுதிக்கொண்டுதான் தொட வேண்டும். அதை அப்படியே என் ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தால் போதும்.

"லைன் கிளியர் வாங்கிட்டீங்களா சம்மந்தி?"

"யாருகிட்டங்க வாங்கறது? இங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"அப்ப உங்ககிட்டயே வாங்கிக்கணும்."

தம்பி வேலையை முடித்தான். மெஷின் ஓடியது. ஒரு கம்பியை மாட்டிக் கடைந்து பார்த்து, அளவு எடுத்து, மைக்ரோமீட்டரை என் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னான். நான் அதைப் பார்த்துவிட்டு அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். அன்றைக்கே பஸ் ஏறிப் போய்விட்டான். சம்மந்தி பரீட்சையை ஞாயிற்றுக்கிழமை என்று குறித்தார். ஆடி கடைசி ஞாயிறு. அது தவறினால் ஆவணி, ஆவணி என்றால் முந்திரி.

சனிக்கிழமை சாயங்காலம் மகன் காரில் வந்து இறங்கினான். தோற்கப்போகிறவனை அழைத்துப் போக ஆள் முன்கூட்டியே வருவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வந்ததும் வராததுமாக என் வேட்டி சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்தான். மாத்திரை, கண்ணாடி, செருப்பு எல்லாம் வைத்தான். என் மைக்ரோமீட்டரை மட்டும் வைக்கவில்லை. அதே நேரத்தில் ஷெட்டில் சம்மந்தி கடைசியாக ஒரு இன்ஸ்பெக்ஷன் என்று சொல்லி மெஷினின் கரண்ட் பெட்டியைத் திறந்து உள்ளே தலையை விட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சந்தோஷமாக வெளியே வந்தார்.

"ஒரு டெர்மினல் லூசு. டைட் பண்ணிட்டேன். கான்ட்ராக்ட் வேலைன்னா இப்படித்தான் இருக்கும்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வீட்டம்மா போனில் கூப்பிட, தோசை ஆறிவிடும் என்று கிளம்பிப் போனார். அன்று ராத்திரி நான் நன்றாகவே தூங்கினேன். எனக்கு என்ன பயம்?

ஞாயிறு காலை ஆறு மணிக்கு சம்மந்தி இஸ்திரி போட்ட சட்டையோடு ஆஜர். மகனும் பல் விளக்கிய கையோடு வந்து நின்றான். பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள், மைக் செட்டுக்காரன் விடியற்காலையிலேயே ஊரை எழுப்பியிருந்தான். குழாய் ஸ்பீக்கர் ஒன்று நேராக என் ஷெட்டைப் பார்த்தபடி வேப்பமரத்தில் கட்டியிருந்தது. பக்கத்தில் நிற்கிறவரோடு பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும்.

பட்டனை அமுக்கினேன். கம்பி சுற்றியது. நெடுக்கு மோட்டார் நகர்ந்தது. குறுக்கு மோட்டார் ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றது. திரையில் சிவப்பாக ஓவர்லோடு என்று வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி உறுமல், மறுபடி சிவப்பு. ஆறிப்போகட்டும் என்று விட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து போட்டேன். அதே சிவப்பு.

சம்மந்தி எழுந்து வந்து மோட்டார்மேல் கையை வைத்தார். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். "சூடு ஏறிடுச்சு சம்மந்தி. உள்ள காந்தம் போயிருக்கும். வயசான மோட்டாரு, அவ்வளவுதான். மோட்டார் அவுட்டு."

"அவுட்டு" என்று அவர் சொன்ன சத்தம் மைக் செட்டையும் மீறி எனக்குக் கேட்டது. மகன் சந்தோஷப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, இரண்டு திட்டுத் திட்டியிருப்பேன். அவன் என்னைப் பார்த்துப் பாவப்பட்டான். அதுதான் தாங்கவில்லை.

நல்ல நேரம் பார்த்து முந்திரி வியாபாரியும் வந்து சேர்ந்தார். கையில் டேப்பு.

"இன்னாங்க பெரியவரே, இந்த மெஷின எப்ப எடுக்கறாப்புல? மூட்டைக்கு லாரி சொல்லிட்டு வந்துகினு இருக்கேன்."

"இருங்க மொதலாளி. மெஷின் இன்னும் சாவல."

"சாவட்டும், சாவட்டும். அவசரமில்ல." டேப்பின் ஒரு முனையை என் மகன் கையிலேயே கொடுத்து சுவரை அளக்க ஆரம்பித்தார். "இங்க ஓதம் வருங்களா?"

"வரும். எலியும் வரும்."

"பூன வெச்சிக்கலாம்" என்றார். எதற்கும் பதில் வைத்திருக்கிற மனுஷன்.

ஷெட்டுக்குப் பின்னால் போய்க் கோயம்புத்தூர்த் தம்பிக்குப் போன் போட்டேன். நடந்ததைக் கேட்டவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "பிரேக் ரிலீஸ் ஆகுதான்னு பாத்தீங்களாங்கய்யா?"

"தம்பி, அந்தப் பிரேக்கப் பிரிச்சு மாட்டினவன் நானு. எனக்கே பிரேக்கு சொல்லித் தரியா? மோட்டார் வேணாம்னு அன்னிக்கே சொன்னேன்னு சொல்லிக் காட்டத்தானே பாக்கற?" என்று கட் செய்துவிட்டேன். பின்னால் வேறு மாதிரி பேசுவேன் என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். பிரஷ்ஷை வெளியே எடுத்துப் பார்த்தேன். வயரை எல்லாம் இழுத்துப் பார்த்தேன். மோட்டாரைக் கழற்றி மறுபடி பேட்டரியில் தொட்டுப் பார்க்கலாம் என்று ஸ்பேனரை எடுத்தேன். மகன் வந்து என் தோளைத் தொட்டான்.

"விடுப்பா. நீ எவ்வளவோ பண்ணிட்ட."

கருமாதியில் சொல்கிற மாதிரி சொன்னான்.

அப்போது கோயிலில் கூழ் ஊற்ற ஆரம்பித்தார்கள். மைக் செட்டுக்காரனுக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டான். காலையிலிருந்து முதல் தடவையாக ஷெட்டு அமைதியானது. கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று பட்டனை அமுக்கினேன். மோட்டார் உறுமியது. திரை சிவந்தது. இரண்டுக்கும் முன்னால் ஒரு டக் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

பிரேக் விடவில்லை. பிடித்த பிடியிலேயே நிற்கிறது. மோட்டார் பாவம், கை பிரேக்கைப் போட்டுவிட்டு லாரியை ஓட்டுகிற மாதிரி முக்கியிருக்கிறது. ஓவர்லோடு காட்டாமல் என்ன செய்யும்? கரண்ட் பெட்டியைத் திறந்தேன். பிரேக்குக்குப் போகிற லைனில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் உட்கார்ந்திருக்கும். அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி காலியாக இருந்தது. எரிந்துபோகவில்லை. அங்கே இல்லவே இல்லை.

கோயம்புத்தூர்த் தம்பி போன பிறகு அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டவர் ஒரே ஒருவர்தான்.

"சம்மந்தி" என்றேன். குரலை எவ்வளவு பணிவாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு பணிவாக வைத்துக்கொண்டேன். "நேத்து சாயங்காலம் டெர்மினல டைட் பண்ணீங்களே. ஃபியூஸப் புடுங்கிட்டுத்தானே பண்ணீங்க?"

"பின்ன? கரண்ட்டோட கைய வெக்க நான் என்ன கான்ட்ராக்ட்டா?"

"புடுங்கின ஃபியூஸ என்னங்க பண்ணீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய்க்கு முன்னால் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. பையில் பேனாவும் சீப்பும் இருந்தன. சீப்பை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

அவர்கள் வேலையில் அது ஒரு பழக்கம். லைனில் கை வைப்பதற்கு முன் ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வார்கள். ஃபியூஸ் என் பையில் இருக்கிறவரை எவனும் எனக்குத் தெரியாமல் கரண்டைப் போட முடியாது என்று ஒரு தைரியம். அந்தப் பழக்கம் நிறையப் பேரைக் காப்பாற்றியிருக்கும், அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் என் ஷெட்டைக் கொன்றுவிடப் பார்த்ததே, அதை என்ன செய்வது? தோசை ஆறிவிடும் என்ற அவசரத்தில் என் மெஷினின் உயிரைப் பையில் போட்டுக்கொண்டு போய், சாப்பிட்டு, தூங்கி எழுந்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து, மோட்டார் அவுட்டு என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறார்.

மகன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். "வேற ஃபியூஸ் ஒண்ணு போட்டுருப்பா."

டப்பா நிறைய ஃபியூஸ் இருந்தது. ஆனால் வேறு எதற்கு? "எனக்கு அதேதான் வேணும்" என்றேன். சம்மந்தியை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.  வழியில் தெரிந்தவர்களை எல்லாம் நிறுத்திக் கும்பிட்டுக்கொண்டு போனேன்.

சம்மந்தியம்மா வாசலுக்கு வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னதும், "அதுவா?" என்று உள்ளே போய் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்தார்கள். பிரஷர் மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் நடுவில் என் ஃபியூஸ்.

"சட்டைய நனைக்கறப்ப கெடச்சுதுங்க அண்ணே. டாக்டர் புதுசா ஏதோ எழுதியிருக்காருன்னு நெனச்சிட்டேன். காலைல குடுக்கலாம்னு கையில எடுத்தேன், ரொம்பப் பெருசா இருக்கேன்னு விட்டுட்டேன்."

"குடுத்திருக்கலாம்மா" என்றேன். "உள்ள போயிருந்தா சம்மந்திக்கு ட்ரிப்பே ஆயிருக்காது."

"சர்வீஸ்ல இருந்தப்பவும் இதே கததாங்க. இவரு பைய துழாவாம நான் சட்டைய நனைச்சதே கெடையாது. குவார்ட்டர்ஸ்ல ஒரு டப்பா நெறைய சேர்ந்துபோச்சு."

"போதும், உள்ள போ" என்றார் சம்மந்தி. அன்றைக்கு அவரிடமிருந்து வந்த முதல் தாழ்ந்த குரல் அதுதான்.

ஷெட்டுக்குத் திரும்பி ஃபியூஸைச் சொருகினேன். பட்டனை அமுக்கினேன். டக். இந்தச் சத்தத்தை எல்லோரும் கேட்க வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை ஆஃப் செய்து ஆன் செய்தேன். டக். டக். குறுக்கு மோட்டார் முனகாமல் போய் வந்தது. கம்பியிலிருந்து சுருள் சுருளாகப் பிசிறு கழன்று விழுந்தது. முந்திரி வியாபாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு என் மகனைப் பார்த்தார். மகன் தன் மாமாவைப் பார்த்தான்.

சம்மந்தி தொண்டையைச் செருமினார். நான் காத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான் என்று ஒரு வார்த்தை அவர் வாயால் வந்தால் போதும், அந்த லேத்துக்கே மாலை போட்டிருப்பேன்.

"ரூல்படி பாத்தா தப்பு உங்க பேர்லதான் சம்மந்தி."

"என்னாது?"

"நேத்து லைன் என் கையில இருந்துச்சு. நான் லைன் கிளியர திருப்பிக் குடுக்கவே இல்ல. திருப்பிக் குடுக்காத லைன யாரு உங்கள கரண்ட் போட்டு சார்ஜ் பண்ணச் சொன்னது?"

இப்படி ஒரு பதிலை யோசித்துச் சொல்ல முடியாது. பல வருஷம் சர்வீஸில் ஊறியிருக்க வேண்டும். நாலரை வகுப்புப் படித்தவன் இதற்கு என்ன சொல்ல?  

சம்மந்தி என் மகனிடம் திரும்பி, ஆபீசில் ரிப்போர்ட் கொடுக்கிற குரலில், "மோட்டார் நார்மல், மாப்ள" என்றார். அந்த மனுஷனிடமிருந்து அதற்கு மேல் கறக்க முடியாது. அடுத்த நிமிஷமே கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பலேருந்து ஷிப்ட் ஆரம்பம். காலைல ஓடினது கணக்கில்ல."

சரி என்று ஆரம்பித்தேன். கம்பி மாட்டுவது, கடைந்த பின்னைக் கழற்றுவது, அளப்பது, மறுபடி மாட்டுவது. மத்தியானச் சோற்றை மகன் கொண்டுவந்து கையில் கொடுத்தான், நின்றபடி தின்றேன். மைக் செட்டுக்காரன் கூழ் குடித்துத் தெம்பாகத் திரும்பி வந்து மறுபடி ஆரம்பித்துவிட்டான். ஆரம்பிக்கட்டும். பழைய மோட்டார் இரண்டும் அந்தக் கூச்சலுக்கு அடியில் தங்கள் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. முந்திரி வியாபாரி நின்று பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், பக்கத்தில் வந்து மெஷின் தானாக நின்றுவிடுமா என்றுகூடக் கேட்டார். வெயில் சாய்ந்ததும், "ஒரு ஓட்ட மோட்டாருக்காவ என் ஆவணிய கெடுத்துட்டீங்களே பெரியவரே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வடலூர் ரோட்டில் காலியாக ஒரு ஷெட்டு இருக்கிறது, அங்கே எலி கிடையாது என்று பின்னாலேயே கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி ஒரு மணி நேரம் இருக்கும்போது மகன் என் பக்கத்தில் வந்து நின்றான். வெகு நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் பிடித்துத்தான் போயிருந்தது, ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் என் காதருகே குனிந்து கத்தினான்.

"சரிப்பா. ஷெட்டு உன்னோடது. பைய பிரிச்சு வெச்சுடறேன். ஆனா ஒண்ணு. நீ இங்க தனியா இருக்கக் கூடாது. விழுந்து கிடந்தா எங்களுக்கு யார் சொல்றது? மாமா தெனம் வந்து இருக்கட்டும். நீ இருக்கறவரைக்கும் அவரும் இருக்கணும்."

"தெனமா?"

"தெனம். ஃபர்ஸ்ட் ஷிப்ட்."

நாற்காலியிலிருந்து, "மாப்ள சொன்னா சரிதான்" என்று ஒரு குரல் வந்தது. இவ்வளவு சத்தத்தில் அது மட்டும் அவருக்கு எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை. அவர் பார்வை ஏற்கெனவே லைன் கிளியர் நோட்டை மாட்ட என் சுவரில் எங்கே ஆணி அடிக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தது.

அப்பனுக்கே மேஸ்திரி வைக்கிறாயா என்று கேட்க வாயைத் திறந்தேன். இவர் தினமும் வந்து உட்காருவதற்குப் பதினோராவது மாடியே மேல் என்று சொல்லவும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் என் மகனோடு சண்டை போட இரண்டு கையும் வேண்டும், அதற்கு மெஷினை நிறுத்த வேண்டும். பழைய கம்பியில் பின் முடிந்து, அடுத்த கம்பியைக் கவ்வுவதற்காகச் சக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றது.

சம்மந்தி கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். "நிறுத்தறதா இருந்தா நிறுத்துங்க சம்மந்தி. ஜீரோலேருந்து ஆரம்பிச்சுக்கலாம்."

அடுத்த கம்பியை எடுத்து மாட்டினேன்.

"சரிடா" என்றேன்.